கோட்டுப் பையில் கிடைத்த அப்பா

ஊசியக்காவை ஓரிடத்தில் உட்கார வைப்பது யாராலும் ஆகாத காரியம். தையல் என்பதே உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று கேட்பீர்கள். மிஷினில் உட்காருவாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சட்டையின் பக்கத்தையலை முடிப்பதற்குள் இரண்டு தரம் எழுந்துபோய் இஸ்திரிப்பெட்டி சூடாகிவிட்டதா என்று பார்ப்பாள், வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்ப்பாள், குடிக்காமலே ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு டீ போடுவாள். உதட்டிடுக்கில் எந்நேரமும் நாலு குண்டூசி. அதனால் வந்த பேர்தான் ஊசியக்கா. முதலாளி மட்டும், வயதில் மூத்தவர் என்ற உரிமையில், "ஊசி" என்பார்.

கடை, புதுத்துணி தைக்கிற கடை இல்லை. ஆல்டரேஷன் கடை. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, கால் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. இடுப்புச் சுற்றளவைக் கேட்டால் அரை அங்குலம் குறைத்துச் சொல்லாதவர்களை அந்தக் கடை கண்டதே இல்லை. பதினெட்டு வருஷமாக ஊசியக்கா அங்கேதான் இருக்கிறாள். கடையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. துணியைக் கையில் வாங்கியதும் எல்லாப் பைகளிலும் கைவிட்டுத் துழாவி, இருப்பதைக் கொண்டுவந்தவர் கண்ணெதிரே எடுத்து வைத்து, ஒரு காகித உறையில் போட்டு ரசீதோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். பின்னால் "என் பையில அது இருந்துச்சு, இது இருந்துச்சு" என்று யாரும் வந்து நிற்கக் கூடாது. சாவி, சில்லறை, சீப்பு, ஒரு தரம் ஒரு பெரியவருடைய பொய்ப்பல் செட்டே கூட வந்திருக்கிறது.

ஊர்ப்பட்ட பேருடைய பைகளைத் துழாவியவளுக்குத் தன் பை என்று ஒன்று இல்லை. மூன்று வயதில் யாரோ அவளை ஓர் அனாதை இல்லத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யார் என்று எழுதிவைத்த பதிவு இருந்ததாம்; அலமாரிக்குள் தண்ணீர் புகுந்து காகிதமெல்லாம் கூழாகிவிட்டதாம். பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதி வேண்டுமே! இல்லத்து ஆபீஸில் இருந்தவர் தன் சொந்த மகளின் பிறந்தநாளையே போட்டுக் கொடுத்தார், மறக்காமல் இருக்கும் என்று. நல்ல மனுஷர்தான். ஆனாலும் அக்காவின் பிறந்தநாள்கூட இரவல்.

இதெல்லாம் அவள் கணவனுக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாதவன். பதின்மூன்று வயது மகளுக்குத் தெரியாது. "எனக்குச் சின்ன வயசுலயே அவங்க போய்ட்டாங்கடா கண்ணு, ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே பதின்மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டாள். இல்லம் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

நாற்பத்தொன்றாவது வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். கடை மூடியபின் கை சும்மா இருக்காத கோளாறு. படிப்பில் மோசமில்லை. இரண்டாம் வருஷத்தில்தான் வினை வந்தது. முப்பதைக்கூடத் தாண்டாத டீச்சர், எல்லோரும் "நான் வந்த வழி" என்ற தலைப்பில் கவிதை எழுதிக் கொண்டுவர வேண்டும் என்றாள். அவரவர் குடும்பம், அவரவர் முன்னோர், அவரவர் நினைவு. நல்லவற்றைச் சேர்த்துப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம், ஒரு சனிக்கிழமை மேடையில் படிக்கவும் வேண்டுமாம்.

வகுப்பில் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டடக் காவலாளி ஒருவர் தன் அப்பாவின் ஓடாத கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதினார். பேக்கரியில் வேலை செய்யும் பெண், அம்மா ஒரு பாஷையில் திட்டினால் தான் வேறு பாஷையில் அழுவதைப் பற்றி எழுதினாள். ஊசியக்கா மூன்று வாரம் வெள்ளைத்தாளை எடுத்து வருவதும் அதையே திருப்பி எடுத்துப் போவதுமாக இருந்தாள். இல்லத்தைப் பற்றி எழுதலாமே என்று ஒரு தரம் தோன்றியது. என்னத்தை எழுத? வரிசையாக நாற்பது கட்டில், வரிசையாக நாற்பது பல்துலக்கி. முன்னோர் கேட்கிற டீச்சரிடம் பல்துலக்கியை நீட்டுவதா?

"ஏன் இன்னும் குடுக்கல?" என்று டீச்சர் கேட்டாள்.

"குடும்பம் ரொம்பப் பெருசு டீச்சர். யாரை எழுதறது, யாரை விடறதுன்னு தெரியல," என்றாள் ஊசியக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த வாரம்தான் கோட்டு வந்தது. கறுப்பு நிறம், கனத்த கம்பளி, ஆண்கள் கோட்டு. கொண்டுவந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"அப்பாவோடது. போன மாசம் தவறிட்டார்," என்றாள். "எனக்கு அளவு பிடிச்சுக் குடுங்க. நானே போட்டுக்கப் போறேன்."

"தோள் நிறையக் குறைக்கணுமே."

"குறைங்க. அவர் தோள் அப்படி."

வழக்கப்படி பையில் கைவிட்டாள் ஊசியக்கா. வலது பையில் ஒரு துண்டுப் பென்சில். இடது பையில் பேருந்துச் சீட்டுகள், முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றும் நாலாக, எட்டாக மடித்து விரல்நகம் அளவுக்குக் கூராக்கி வைத்தவை. எண்ணி உறையில் போடப் போனவளின் கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அது படகு," என்றாள். "எனக்காகச் செய்வார். தினம் வேலை விட்டு வரும்போது ஒண்ணு. அப்படி ஒரு மனுஷனைப் பாக்கவே முடியாது. வெளிய கிளம்பினா பூட்டை மூணு தரம் இழுத்துப் பாப்பார், அவ்வளவு அக்கறை." சொல்லும்போது எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க அப்பா எப்படி?" என்று கேட்டாள்.

நல்லவேளை, ஊசியக்காவின் வாயில் குண்டூசி இருந்தது. "ம்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு "ம்" அன்றைக்கெல்லாம் அவளைப் படுத்தி எடுத்தது. கல்லூரிக்குப் போகும் பேருந்தில் நின்றபடியே ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதினாள்:

*பேருந்துச் சீட்டை என் அப்பா எறிய மாட்டார்.*
*நாலாய் மடிப்பார், எட்டாய் மடிப்பார்,*
*வீடு வருவதற்குள் அது படகாகிவிடும்.*
*நாளுக்கு ஒரு படகு எனக்கு.*
*கடலைத்தான் இன்னும் பார்க்கவில்லை.*

*பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.*
*ஒன்று, திருடனுக்காக.*
*ஒன்று, காற்றுக்காக.*
*ஒன்று, நான் உள்ளே இருக்கிறேன் என்பதற்காக.*

அடுத்தவர் வீட்டுச் சரக்கு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கடைசி வரியை எழுதும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை, அது நடிப்பில்லை. வகுப்பில் படித்தாள். காவலாளி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதுதான் புத்தகத்துல முதல் கவிதை," என்றாள். சனிக்கிழமை விழா அழைப்பிதழிலும் அதையே அச்சடித்துவிட்டாள்.

அழைப்பிதழோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். சனிக்கிழமை கடைக்கு லீவு வேண்டும். லீவுக்குக் காரணம் வேண்டும். காரணத்தைக் காட்ட அழைப்பிதழை நீட்ட வேண்டும். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். தன் அப்பாவை நினைத்து மூக்கை உறிஞ்சினார். உறிஞ்சிய கையோடு அதைக் கொண்டுபோய், வாடிக்கையாளர்கள் நின்று அளவு பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியின் ஓரத்தில், சரியாகக் கண் மட்டத்தில் ஒட்டிவிட்டார்.

"அங்க எதுக்கு மொதலாளி?"

"ஊசி குத்தறப்போ அசையாம நிக்கணும்ல? சும்மா நிக்கறதுக்கு இதப் படிக்கட்டும். நம்ம கடைக்குப் பெருமை இல்லையா?"

கோட்டுக்கார அம்மா வியாழக்கிழமை அளவு பார்க்க வருவாள். நிற்கப்போவது அதே கண்ணாடிக்கு முன்னால்.

செவ்வாய்க்கிழமை, இஸ்திரித் தண்ணீர் பட்டு நைந்துவிட்டது என்று சொல்லி அழைப்பிதழைக் கிழித்தெடுத்தாள். முதலாளி அலுத்துக்கொள்ளவே இல்லை. அவளிடம் இன்னொன்று வாங்கி, பக்கத்துக் கடைக்குப் போய் லேமினேஷன் செய்துகொண்டு வந்து மறுபடி ஒட்டினார். "இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது," என்றார். அன்றைக்கு அவள் ஒரு கால்சட்டையின் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தரம்.

கடையில் மாட்டிக்கொள்வதையாவது ஒரு மாதிரி சமாளிக்கலாம். மானம் போகும், அந்த அம்மா நாலு வார்த்தை கேட்பாள், முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டு விஷயம் அப்படியில்லை. மகள் அழைப்பிதழைப் படித்த அன்று ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஞாபகம் இல்லன்னு சொன்னியேம்மா! இவ்வளவு ஞாபகம் இருக்கே! தாத்தா பேரு என்ன? என்ன கலரு? என்னை மாதிரியே காது நீளமா இருக்குமா?"

"இப்பதான்... கொஞ்சம் கொஞ்சமா வருது," என்றாள் ஊசியக்கா. அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்தப் பெண் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். "தாத்தா புத்தி, ரத்தத்துலயே வருது பாத்தியா?" என்று சிரித்தாள். பள்ளியில் வம்சமரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா பக்கம் கிளை கிளையாக எப்போதோ முடித்துவிட்டாள். அம்மா பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது பெரிய கட்டம் போட்டு, அவளாகவே கோட்டு மாட்டிவிட்ட ஒரு மனுஷரை வரைந்தாள். கையில் படகு. நீளக் காது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் வகுப்புச் சுவரில் மாட்டப் போகிறாளாம்.

கணவன் அந்தப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். மகள் குளிக்கப் போன பிறகு, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொன்னேன்ல!" என்று எரிந்து விழுந்தாள். விழுந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தாள். காலையிலிருந்து ஊசியக்கா எத்தனை தரம் வாசலுக்குப் போய் வந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லிப் பார்த்தாள். "முதுகைக் காட்டி நின்னா நான் எப்படிப் பாக்கறது?" என்று அந்த அம்மா திரும்பிக்கொண்டாள். நியாயம்தானே. முதலாளி வேறு, தூரத்திலிருந்தே, "அதையும் படிங்கம்மா, நம்ம ஊசி எழுதினது!" என்றார்.

ஊசியக்கா கோட்டின் கீழ்விளிம்பை மடிப்பதற்காகத் தரையில் மண்டியிட்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. தலைக்கு மேலே அந்த அம்மா படிக்கிற முணுமுணுப்பு கேட்டது. சீட்டு. படகு. பூட்டு. முதல் தடவை படித்து முடித்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து படித்தாள். ஊசியக்கா மடிப்பில் கொடுத்த ஊசி துணியில் ஏறாமல் பெருவிரலில் ஏறியது. வலித்தது தெரியவில்லை.

"இது எங்க அப்பா," என்றாள் அந்த அம்மா, மெதுவாக.

ஊசியக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். அவசரப்பட்டால் விழுங்க வேண்டியதுதான். "தப்புதாம்மா. எனக்கு அப்பான்னு யாரும் கிடையாது. நான் இல்லத்துல வளந்தவ. நீங்க சொன்னதைக் கேட்டேன்... எடுத்துக்கிட்டேன். இன்னிக்கே கிழிச்சிடறேன்."

முதலாளியின் மிஷின் நின்றுவிட்டது. அந்த அம்மா கோட்டைக் கழற்றவும் இல்லை, கத்தவும் இல்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் கோட்டோடு உட்கார்ந்தாள்.

"அவர் எனக்குப் படகு செஞ்சதே இல்லங்க," என்றாள். "அவர் கை சும்மா இருக்காது. சீட்டை மடிச்சு மடிச்சுப் பையில போட்டுக்குவார், அவ்வளவுதான். ஒண்ணுகூட எடுத்து எங்கிட்ட நீட்டினதில்ல. அவர் போனப்புறம் பையில கைவிட்டப்போ இவ்வளவு கெடைச்சுது. எனக்காகத்தான் செஞ்சு வெச்சிருக்கார், குடுக்கத் தெரியாமப் போயிருக்கார்னு நானே நெனச்சுக்கிட்டேன். உங்ககிட்ட சொன்னதுதான் முதல் தடவை. சொல்லிப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"பூட்டு?"

"அது உண்மை. மூணு தரம் இழுத்துப் பாப்பார்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக் கழற்றினாள். "வெளியிலேர்ந்து. நானும் அம்மாவும் உள்ள. அவர் திரும்பி வர்ற வரைக்கும் நாங்க எங்கயும் போகக் கூடாது."

ஊசியக்கா தன் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டாள். அன்று காலைகூட மகள் சிரித்துக்கொண்டே பூட்டை இழுத்தாள்.

அந்த அம்மா எழுந்து மறுபடியும் கவிதை முன்னால் நின்றாள். "கடைசி வரி நான் சொன்னதில்ல. அது உங்களுது. 'நான் உள்ளே இருக்கிறேன் என்பதற்காக.' இவ்வளவு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு எண்ணம் தோணினதே இல்ல. இதைக் கிழிக்காதீங்க. எனக்கு ஒண்ணு குடுங்க, வீட்ல வெச்சுக்கறேன்." முதலாளி ஓசைப்படாமல் லேமினேஷனைப் பிரித்தெடுத்து அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அவர் ஊசியக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ மட்டும் போட்டுக் கொடுத்தார். அவர் போட்ட டீ சகிக்காது என்பது ஊரறிந்த விஷயம். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

திருட்டுக் கொடுத்தவளே மன்னித்துவிட்டாள். அப்புறம் என்ன? நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே! ஊசியக்காவுக்கு முன்னைவிட மோசமாக இருந்தது. உண்மையில் இருந்த ஒருவரைத் திருடிவிட்டோம் என்று பயந்துகொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. இரண்டு பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இட்டுக்கட்டிய ஒருவர், மகளின் வம்சமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

சாயங்காலம் கல்லூரி வாசலிலேயே டீச்சரை மடக்கி எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் அதிர்ந்து போவாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"கவிதையில வர்ற 'நான்' நீங்களாத்தான் இருக்கணும்னு சட்டம் இல்லக்கா. கற்பனைக்கு இடம் உண்டு. எழுத்து உண்மையா இருக்கே, அது போதும்."

"கவிதைக்குப் போதும் டீச்சர். எம்பொண்ணு அவரைத் தாத்தாங்கறாளே. அவளுக்குப் போதுமா?"

டீச்சர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். "நாளைக்கு மத்தியானம் புத்தகம் அச்சுக்குப் போகுது. வேணாம்னா அதுக்குள்ள சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டாள். "நானும் ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன்," என்று ஊசியக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். கால் மாற்றி மாட்டியதைக் கணவன்தான் காட்டினான். அவள் முகத்தைப் பார்த்தவன் வேறெதுவும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டான்.

நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். பேருந்து வர ஆறு நிமிஷம் என்று பலகை காட்டியது. ஐந்து ஆயிற்று. நாலு ஆயிற்று.

"அந்தப் படத்தை இன்னிக்குக் குடுக்காதடா," என்றாள்.

"ஏன்? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அந்தத் தாத்தா கிடையாதுடா."

"செத்துட்டார்னு தெரியும்மா."

"சாகல. அப்படி ஒருத்தர் இருந்ததே இல்ல. கடைக்கு வந்த ஒரு அம்மா அவங்க அப்பா பத்திச் சொன்னாங்க, அதைப் பாத்து எழுதினேன். அவங்க சொன்னதும் நெஜம் இல்ல. என்னை மூணு வயசுல ஒரு இல்லத்துல விட்டுட்டுப் போய்ட்டாங்க. யாரு விட்டாங்கன்னு எழுதி வெச்சதும் தண்ணில அழிஞ்சு போச்சு. அப்பாவும் தெரியாது, அம்மாவும் தெரியாது. மறந்துபோச்சுன்னு உங்கிட்ட சொன்னது பொய். எனக்கு மறக்கறதுக்கு ஒண்ணுமே இருந்ததில்ல."

பேருந்து வந்தது. நின்றவர்களில் இருவர் ஏறினார்கள். ஓட்டுநர் இவர்களைப் பார்த்தார், இவர்கள் அசையவில்லை, கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். மகள் கையிலிருந்த சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டுக் கத்துவாள், வீசி எறிவாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் தேவலை.

"அப்ப என் காது யாரு மாதிரி?"

"தெரியாதுடா."

"நீ யாரு மாதிரி?"

"அதுவும் தெரியாது."

மகள் சுருளிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி மறுபடி போட்டாள். "தினம் ராத்திரி படுக்கறப்போ அவர்கிட்ட பேசுவேன்," என்றாள். "ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்லுவேன். எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருந்துச்சும்மா."

"எனக்கும்தாண்டா," என்றாள் ஊசியக்கா.

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில், காலை வெயிலில், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் தன் அப்பாவுக்காக அழுதாள்.